வால் தூக்கும் டேங்க்: சைட்மவுண்ட் கியரில் எதை முதலில் தொடவேண்டும்

கோத்தகிரியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தமானில் சைட்மவுண்ட் (காற்று டேங்கை முதுகில் போடாமல் உடம்பின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு டைவ் செய்வது) கோர்ஸ் முடித்தவர், சொந்தமாக ஹார்னஸும் (கியரைத் தாங்க உடம்பில் மாட்டும் நாடாக்கட்டு) விங்கும் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுப் பை) வைத்திருக்கிறார், டேங்க் மட்டும் போகிற இடத்தில் வாடகை. டைவ் தொடங்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம். பாதிக் காற்று தீர்ந்ததும் இரண்டு டேங்கின் அடிப்பக்கமும் எழும்பி இடுப்புக்கு மேலே நிற்கிறது, வால்வு இரண்டும் தாடைக்கு முன்னால் வந்துவிடுகின்றன, கால் இறங்குகிறது, சில நேரம் உடம்பே ஒரு பக்கமாகச் சாய்கிறது. பன்ஜியை, அதாவது வால்வைப் பிடித்து நிற்கும் ரப்பர் கயிற்றை, இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, மலையில் இருந்துகொண்டே நீச்சல் குளத்தில் இதைச் சரி செய்ய முடியுமா என்கிறார்.

முடியும். பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தண்ணீரே இல்லாமல் வீட்டு ஹாலில் முடித்துவிடலாம். ஆனால் பன்ஜியிலிருந்து தொடங்கினால் எந்தக் காலத்திலும் முடியாது. கண்ணுக்குத் தெரிவது பன்ஜி, கைக்கு எளிதாக எட்டுவதும் அதுதான், அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் முடிச்சு போடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் ஹார்னஸ், அப்புறம் டேங்கின் அடிப்பக்கக் கொக்கி, அதற்குப் பிறகு பன்ஜி, கடைசியில் ஈயம், அதாவது மூழ்குவதற்காகக் கட்டும் எடைக்கட்டிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

வால் ஏன் தூக்குகிறது என்பது ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியம் 80 என்று சொல்கிற டேங்க், உள்ளே 11 லிட்டர் சொச்சம் பிடிக்கும். 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல். காற்றுக்கு எடையா என்று சிரிக்காதீர்கள், கிட்டத்தட்ட 2,200 லிட்டர் காற்று அது, லிட்டருக்கு 1.2 கிராம், பெருக்கிப் பாருங்கள். நிரம்பிய டேங்க் கடல்நீரில் லேசாக மூழ்கும். அந்த இரண்டரைக் கிலோவை நீங்கள் மூச்சு விட்டுத் தீர்த்தபின் அதே டேங்க் மிதக்கப் பார்க்கும், ஒன்று ஒன்றரைக் கிலோ, சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே மேலே தள்ளும். தலைப்பக்கத்தில் பித்தளை வால்வும் ரெகுலேட்டரும் (டேங்கின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) கனமாக உட்கார்ந்திருக்கின்றன, போதாததற்கு பன்ஜி வேறு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் எழும்புவது எப்போதும் அடிப்பக்கம்தான். இரண்டு டேங்கையும் சேர்த்தால் ஒரே டைவில் ஐந்து கிலோ மாற்றம். ஆக ஒரே கியர் இரண்டு வேறு டேங்குகளுக்கு, நிரம்பியதற்கும் ஒழிந்ததற்கும், பொருந்தியாக வேண்டும். டைவ் தொடங்கும்போது அழகாக இருந்தது என்பதற்கு அதனால்தான் பெரிய மதிப்பில்லை, அது யாருக்கும் வரும்.

யூடியூப் பார்த்துக் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். சைட்மவுண்ட் முதலில் பிரிட்டனில் தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் தவழ்ந்து போனவர்கள் செய்தது, முதுகில் டேங்க் இருந்தால் இடுக்கில் நுழைய முடியாது என்பதற்காகப் பக்கவாட்டில் கட்டினார்கள், கிடைமட்டமாக மிதப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. பிறகு அமெரிக்காவில் ஃப்ளோரிடா குகைகளில் ஒரு பாணி வளர்ந்தது, அங்கே ஸ்டீல் டேங்க். ஸ்டீல் காலியானாலும் மூழ்கியே நிற்கும், ஆகவே பின்னால் பட் பிளேட்டில், அதாவது பிட்டத்தின் மேல் இருக்கும் தகட்டில், மாட்டிவிட்டால் டைவ் முடியும்வரை தொடவே வேண்டாம். மெக்சிகோவின் யூகட்டான் குகைகளில் அலுமினியம் 80, அங்கே வேறு பாணி, குறைந்த கியர், கொக்கியை நடுவில் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே எந்த வீடியோவைப் பார்த்தாலும் அந்த ஆள் கட்டியிருப்பது ஸ்டீலா அலுமினியமா என்பதை முதலில் பாருங்கள். ஸ்டீல்காரர் சொல்வதைக் கேட்டு அலுமினியத்தைப் பின்னால் மாட்டினால் வால் தூக்காமல் என்ன செய்யும்?

சரி, ஹார்னஸ். வெட் சூட்டை (டைவில் போடும் ரப்பர் நுரை உடை) போட்டுக்கொண்டு அளவெடுங்கள், பனியனோடு அளவெடுத்த ஹார்னஸ் சூட்டின் மேல் வேறு மாதிரி உட்காரும். தோள் நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழையவேண்டும், முஷ்டி நுழையக்கூடாது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேலே இறுக்கமாக. முதுகில் இருக்கும் கீழ்த்தகடு வால் எலும்புக்குச் சற்று மேலே வரவேண்டும். முதுகுத்தண்டு நாடா நீளமாகிவிட்டால் தகடு பிட்டத்துக்கு இறங்கிவிடும், குறைந்துவிட்டால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும். இரண்டிலும் டேங்கின் அடிப்பக்கக் கொக்கி தவறான இடத்தில்தான் மாட்டும், நீங்கள் மற்றதை என்ன சரி செய்தாலும் வீண். காலிடுக்குப் பட்டையைப் பலபேர் சும்மா தொங்க விடுகிறார்கள், அது மொத்தக் கியரும் கழுத்தை நோக்கி ஏறாமல் பிடித்து வைக்கிற பட்டை, உட்கார்ந்து எழுந்தால் லேசாக உறுத்த வேண்டும். தேயிலை பறிக்கிறவர்களுக்குக் கூடையின் பட்டை தளர்ந்தால் சரிவில் ஒவ்வொரு அடிக்கும் கூடை ஒரு பக்கம் ஆடுவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள், கூடையைத் திருத்தி என்ன பயன், பட்டையை இழுத்துக் கட்டவேண்டும். இங்கேயும் அதே கதை.

சோதிக்க ஒரு வழி: கியரை மாட்டிக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுங்கள், வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு இடுப்பு டி ரிங்கை (நாடாவில் கோத்த D வடிவ வளையம்) பிடித்து மேலும் கீழும் முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். உடம்பு சேர்ந்து ஆடினால் ஹார்னஸ் சரி. உடம்பு சும்மா கிடக்க நாடா மட்டும் வழுக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். சரியானதும் நாடா பக்கிளைத் தாண்டும் இடத்தில் வெள்ளை நூலால் ஒரு தையல் போட்டுவைத்தால் வழுக்கியிருக்கிறதா என்பது அடுத்த முறை பார்த்தவுடனே தெரியும்.

இப்போது முக்கியமானது, அடிப்பக்கக் கொக்கி. டேங்கைச் சுற்றி ஒரு பட்டை, அதில் குட்டிக் கயிற்றில் ஒரு போல்ட் ஸ்னாப் (விரலால் இழுத்துத் திறக்கும் கொக்கி), அது உங்கள் இடுப்பு டி ரிங்கில் மாட்டும். பட்டைக்குப் பதில் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப்பே போதும், டேங்கின் சுற்றளவுக்கு ஒன்று கிடைக்காவிட்டால் இரண்டை இணைத்துக்கொள்ளலாம், ஆனால் திருகின் கூர் முனையில் பழைய ரப்பர் டியூபை இழுத்து மூடுங்கள், இல்லாவிட்டால் சூட்டைக் கிழிக்கும். வாடகை டேங்க் என்றால் நெம்பு பக்கிளால் இறுகும் கேம் பட்டைதான் வசதி, கழற்றி மாட்டச் சுலபம்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது: பட்டை எந்த உயரத்தில், கயிறு எவ்வளவு நீளம், கொக்கி எந்தப் பக்கம் பார்த்து. உயரத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் இடுப்பு நகராது, பட்டைதான் அதில் வந்து மாட்டுகிறது. ஆகவே பட்டையை டேங்கின் அடியை நோக்கி இறக்கினால் டேங்க் முழுக்க முன்னால் போகும், வால்வு முகத்தை நெருங்கும். பட்டையை வால்வை நோக்கி ஏற்றினால் டேங்க் பின்னால் வரும். நிறையப்பேருக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஒருமுறை டேங்கைப் பக்கத்தில் ஸ்டூல் மேல் நிறுத்தி வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். வால்வு அக்குளுக்கு நேராக வரும்படி டேங்கை நிறுத்துங்கள், இடுப்பு டி ரிங் டேங்கில் எங்கே படுகிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டுங்கள், பட்டை அங்கே. இதுதான் தொடக்கம். கேள்வி கேட்டவருக்கு வால்வு தாடைக்கு முன்னால் வருகிறது, அப்படியானால் பட்டை தாழ்வாக இருக்கிறது. இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றுங்கள், பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு விரல். ஒரே தாவலாகப் பத்து சென்டிமீட்டர் ஏற்றிவிட்டால் வால்வு முதுகுப் பக்கம் ஒளிந்துகொள்ளும், கை எட்டாது, அது இதைவிட மோசம்.

கயிறு நீளம் அலுமினியத்துக்குக் குட்டையாக இருக்கவேண்டும். கொக்கியை மாட்டிக் கழற்ற விரலுக்கு இடம் இருந்தால் போதும். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் டேங்க் மிதக்க நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடையில் வாங்கும் பட்டைகளில் பெரும்பாலும் கயிறு தாராளமாக இருக்கும், அவிழ்த்து மறுபடி கட்டிக்கொள்ளுங்கள்.

கொக்கி பார்க்கும் திசைதான் டேங்க் தன் அச்சில் எவ்வளவு சுழன்று நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வால்வின் கைப்பிடி வெளிப்பக்கம் பார்த்து, ரெகுலேட்டரின் முதல் நிலை (வால்வில் மாட்டும் பகுதி) மார்புக்குக் கீழே பாதுகாப்பாக அடங்கி நிற்கவேண்டும். நிற்கவில்லையா, பட்டையைத் தளர்த்தி டேங்கைச் சற்றுச் சுழற்றி மறுபடி இறுக்குங்கள். வாடகை டேங்கில் இங்கே ஒரு தொல்லை உண்டு. சைட்மவுண்டுக்கு இடது வலது என்று ஜோடி வால்வு இருக்கிறது, வாடகைக்கு வருவது எல்லாமே முதுகில் போடுகிற ஒரே வகை. அதன் காற்று வாய் முன்பக்கம் பார்க்கும்படி வைத்தால் வலது டேங்கில் கைப்பிடி அழகாக வெளியே வரும், இடது டேங்கில் அதே கைப்பிடி உங்கள் விலாவைக் குத்தும். ஆகவே இடது டேங்கை மட்டும் கூடுதலாகச் சுழற்றி, ஹோஸ் மடங்காமலும் கைப்பிடி கைக்கு எட்டும்படியும் ஒரு சமரசம் காணவேண்டும். பட்டையின் சுழற்சி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, அதைக் கண்டு பயப்படவேண்டாம். எட்டுகிறதா என்பதே கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் இரண்டு வால்வையும் மூடித் திறந்து பார்த்து அப்புறம் திருப்தி அடையுங்கள்.

இனி அந்த இடம் மாற்றுகிற வேலை. நிரம்பிய டேங்கை இடுப்பின் பின்பக்க வளையத்தில் மாட்டித் தொடங்குங்கள். 120, 100 பார் வாக்கில் டேங்க் லேசாகத் தொடங்கும்போது, அடியைக் கையால் பிடித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றி, இடுப்புப் பட்டையின் முன்பக்கம் இருக்கும் டி ரிங்குக்கு மாற்றுங்கள். கொக்கி முன்னால் வந்தால் டேங்கின் அடிப்பக்கம் கீழ்நோக்கி இழுக்கப்படும், வால் அடங்கும். முன் வளையம் உங்கள் ஹார்னஸில் இல்லாவிட்டால் ஒன்று கோத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. வழுக்கி நகரும் டி ரிங் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு, கொக்கியைக் கழற்றாமல் வளையத்தையே முன்னால் தள்ளிவிடலாம் என்பது அதில் வசதி, ஆனால் தேய்ந்துபோன நாடாவில் அது தானாகப் பின்னால் ஓடிவிடும். எனக்கு நிலையான இரண்டு வளையம்தான் பிடிக்கும். கேள்வியில் இந்த இடமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் கோர்ஸில் வேகமாகத் தாண்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வால் தூக்குவதில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

சிலர் டேங்கின் அடியில் அரைக் கிலோ ஈயத்தைப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கரையில் சுமக்கும் எடை கூடுகிறது, தண்ணீரில் ஒரு டேங்கைக் கழற்றிக் கொடுத்தால் ஈயமும் சேர்ந்து போகிறது, டைவ் தொடக்கத்தில் நிரம்பிய டேங்கின் வால் தொங்குகிறது. மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தபின் கடைசியாக யோசியுங்கள்.

இப்போது பன்ஜிக்கு வரலாம். அதன் வேலை ஒன்றே ஒன்று, வால்வை அக்குளுக்குள் இழுத்து வைப்பது. முதுகில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தொடங்கி, அக்குளுக்குக் கீழே சுற்றி, வால்வைப் பிடித்து மார்பு டி ரிங்குக்குப் போகும். ஒரே நீளக் கயிறாக இரு பக்கமும் ஓடவிடலாம், பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனியாகவும் கட்டலாம். தனித்தனி என்றால் ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும், ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அளவு செய்யலாம், அதனால் என் வாக்கு அதற்கே. இறுக்கம் எவ்வளவு? இரண்டு கையையும் தலைக்கு முன்னால் நீட்டினால் வால்வு அக்குளைவிட்டு விலகக்கூடாது, அதேசமயம் ஒரு கையால் பன்ஜியை வால்வு மேலிருந்து கழற்றி மறுபடி போட முடியவேண்டும். தளர்ந்திருந்தால் வால்வு மார்புக்குக் கீழே தொங்கும். ரொம்ப இறுக்கினால் வால்வு முதுகுப் பக்கம் ஏறும், டேங்க் முறுக்கிக்கொள்ளும், தோள் வலிக்கும். இறுக்கி இறுக்கி வாலைக் கீழே கொண்டுவர முடியாது என்பதை மட்டும் கவனியுங்கள், பன்ஜி தலைப்பக்கத்தோடு சம்பந்தப்பட்டது, வாலுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. முதுகில் கட்டும் இடம் கழுத்துக்குக் கிட்டே போனால் இழுப்பு மேல்நோக்கி ஆகும், தாழ்ந்தால் டேங்கைப் பின்னால் இழுக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

உப்பும் வெயிலும் பட்டு பன்ஜி சீக்கிரம் சோர்ந்துபோகும். இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கு வராவிட்டால் தூக்கிப்போடுங்கள். அதோடு டேங்கின் கழுத்தில் ஒரு தனிக் கயிறும் கொக்கியும் கட்டி மார்பு டி ரிங்கில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள், பன்ஜி அறுந்தால் டேங்க் தலைகீழாகத் தொங்காமல் அது பிடித்துக்கொள்ளும்.

டேங்க் இரண்டும் உடம்போடு இணையாக நின்றபின் பாருங்கள் உங்கள் கால் இறங்குகிறதா என்று. முன்னாலேயே பார்த்தால் குழப்பம்தான். அலுமினிய டேங்கை முன்னால் பின்னால் நகர்த்தி உடம்பின் மட்டத்தைச் சரி செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு, பெரிய பலன் இருக்காது, ஏனென்றால் தண்ணீருக்குள் அதற்கு எடையே கிட்டத்தட்ட இல்லை. ஸ்டீலில் அது நடக்கும். நமக்கு ஈயம்தான் வழி. ஈயத்தை இடுப்பு பெல்ட்டில் போடுகிற பழக்கத்தை விடுங்கள், முதுகுத்தண்டு நாடாவில் சிறு சிறு கட்டிகளாகப் போட்டால் ஒவ்வொன்றாக மேலே கீழே நகர்த்தலாம். கால் இறங்கினால் ஒரு கட்டியைத் தோள்பட்டைப் பக்கம் ஏற்றுங்கள், தலை இறங்கினால் இடுப்புப் பக்கம். கனமான ரப்பர் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டிருந்தால் அதுவே காலை இழுக்கும், லேசான ஃபினை ஒருமுறை கடன் வாங்கிப் பாருங்கள். விங்கில் காற்று இடுப்புப் பக்கம் தங்கவேண்டும், தோளுக்கு ஓடிவிட்டால் எந்த ஈயமும் காப்பாற்றாது.

உடம்பையும் மறந்துவிடாதீர்கள். முழங்காலை மடக்கி, தொடையை உடம்பின் நேர்கோட்டில் வைத்து, பிட்டத்தை இறுக்கி, தலையை நிமிர்த்தி முன்னால் பார்க்கவேண்டும். இடுப்பை மடக்கி நாற்காலியில் உட்கார்கிற கோணத்தில் இருந்துகொண்டு கியரைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது விநாடி ஃபின்னை அசைக்காமல் நின்று பாருங்கள், எந்தப் பக்கம் கவிழ்கிறதோ அதுதான் உண்மை. நீந்திக்கொண்டே இருந்தால் ஃபின் தள்ளுகிற வேகத்தில் எல்லாம் மறைந்துவிடும். நண்பர் ஒருவரிடம் நீர்புகாத உறையில் போனைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள், நாம் கிடைமட்டமாக இருப்பதாக நினைப்பதற்கும் இருப்பதற்கும் பெரிய இடைவெளி உண்டு.

ஒரு பக்கம் சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று. ஒரு டேங்கில் 180, இன்னொன்றில் 80 என்றால் ஒரு கிலோவுக்கு மேல் எடை வித்தியாசம், சாயாமல் என்ன செய்யும். 30, 40 பாருக்கு ஒருமுறை ரெகுலேட்டரை மாற்றிக்கொண்டே இருங்கள், இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஒரு பக்கம் ரெகுலேட்டர் கெட்டாலும் மறுபக்கத்தில் மேலே வரப் போதுமான காற்று இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். காற்று சமமாக இருந்தும் சாய்ந்தால் தோள் நாடா இரண்டையும் அளந்து பாருங்கள்.

இனி மலைக் குளத்தில் பழகுவது. டேங்கை நிரப்பிக் கீழே சமவெளியிலிருந்து ஏற்றி வரவேண்டியிருக்கும். 35 டிகிரி வெயிலில் 200 பார் காட்டிய டேங்க், இங்கே 12 டிகிரி காலையில் 185 பக்கம் காட்டும். ஓட்டை என்று பதறாதீர்கள், குளிரில் அழுத்தம் குறைகிறது, காற்று அப்படியே இருக்கிறது. இன்னொன்று, நிரம்பிய டேங்கே வேண்டும் என்றில்லை. உங்களுடைய சிக்கல் ஒழிந்த டேங்கில்தான், ஆகவே 60, 70 பார் மிச்சம் இருக்கும் டேங்க்தான் பழக உகந்தது, ஐந்தடி ஆழக் குளமே போதும். ஆளில்லாமல் தனியாக மட்டும் இறங்காதீர்கள், குளமாக இருந்தாலும் சரி. ஏரியில் பழகலாமா என்று சிலர் கேட்பார்கள், ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் படகு ஓடுகிற கலங்கிய தண்ணீர், மற்ற அணைகளில் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது, அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள்.

குளத்தில் சரியாக வந்த அளவு கடலில் அப்படியே பொருந்தாது. குளம் நன்னீர், கடல்நீர் அதைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி. உங்கள் உடம்பும் கியரும் சேர்த்து 110 கிலோ என்றால் கடலில் கூடுதலாக இரண்டே முக்கால் கிலோ ஈயம் கேட்கும். டேங்க் ஒவ்வொன்றும் கடலில் சுமார் 400 கிராம் அதிகமாக மிதக்கும், அதாவது குளத்தில் வால் மட்டமாக இருந்தது என்றால் கடலில் கொஞ்சம் தூக்கும், முன் வளையத்தைக் கடலில் சற்று முன்னதாகவே பயன்படுத்துங்கள். குளிருக்குப் பயந்து இங்கே தடித்த சூட் போடுவீர்கள், அதுவும் மிதப்பைக் கூட்டும், மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சூட்டின் நுரை இன்னும் கொஞ்சம் உப்பியிருக்கும். ஆகவே குளத்து ஈயக் கணக்கைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதே சூட்டோடு கடலில் இறங்கி முதல் டைவில் எடையைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையின் உயரம், கயிறு நீளம், பன்ஜி இறுக்கம் இவை மூன்றும் உங்களோடு வரும். டேங்கின் அடியிலிருந்து பட்டை எத்தனை சென்டிமீட்டர் என்பதை அளந்து போனில் குறித்து வையுங்கள், வாடகை டேங்க் அதே அலுமினியம் 80 என்றால் கடற்கரையில் ஐந்து நிமிடத்தில் கட்டிவிடலாம்.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழாகி உடம்பைக் கெடுக்கும். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர், ஊட்டி 2,240. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் பெரும்பாலும் இந்த உயரத்துக்குச் சமம்தான். டைவ் முடித்து விமானம் ஏற 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்று டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் விதி இந்த மலைக்கும் பொருந்தும். டீகம்ப்ரஷன் நிறுத்தம் (அந்த நைட்ரஜன் வெளியேற மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) போட்ட டைவ் என்றால் 18-ஐயும் தாண்டி நன்றாகவே காத்திருக்கவேண்டும். விமானத்துக்குக் காத்திருக்கிறவர்கள்கூட மலைப்பாதைக்கு யோசிப்பதில்லை. புதுச்சேரியில் மாலை நான்கு மணிக்கு இரண்டாவது டைவ் முடித்து இரவு பஸ் பிடித்தால் விடிவதற்குள் மேட்டுப்பாளையம், ஏழு மணிக்கு வீட்டு வாசல். கணக்குப் போட்டால் பதினைந்து மணி நேரம். அந்த இரவைப் புதுச்சேரியிலேயே கழியுங்கள், இல்லாவிட்டால் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இறங்கி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மலை ஏறுங்கள்.